கன்றுக்கு மானியம், மண்ணுக்கு?

மூங்கில் குருத்து மண்ணைப் பிளந்து தலைகாட்டும்போது எவ்வளவு பருமனோ, கடைசிவரை அவ்வளவுதான். தேக்கும் வேம்பும் ஆண்டுக்காண்டு பெருப்பதுபோல மூங்கில் பெருப்பதில்லை. அது புல் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டைப் பருக்கவைக்கும் திசு அதற்குக் கிடையாது. முளைத்த இரண்டு மூன்று மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடும். சில இனங்கள் ஒரே நாளில் 90 செ.மீ. வரை உயரும். அந்த நாட்களில் குருத்துக்கு இலையே இருக்காது. தாய்க் கழிகளும் வேர்க்கிழங்கும் முந்தைய பருவத்தில் சேர்த்துவைத்ததை எடுத்துத்தான் அது வளர்கிறது. வெட்டிச் சந்தைக்குக் கொண்டுவரும் கழியின் பருமன், அது வெளியே தெரிவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே மண்ணுக்குள் முடிவாகிவிடுகிறது.

இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டு நம் மூங்கில் திட்டங்களைப் பார்த்தால், ஒரு பெரிய இடைவெளி கண்ணில் படும்.

1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரமாகவே வைத்திருந்தது. சொந்த நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டவும் கொண்டுசெல்லவும் விவசாயி அனுமதிக்கு அலைய வேண்டியிருந்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலுக்கு அந்தத் தளை 2017-இல் அவிழ்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு, தேசிய மூங்கில் இயக்கம் 1,290 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் புதிதாக அமைக்கப்பட்டது. ஒரு கன்றுக்கு மூன்று ஆண்டுகளில் சராசரியாக 240 ரூபாய் செலவு, அதில் பாதி அரசு மானியம் என்று கணக்கிட்டார்கள். ஐந்து மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 400 கன்றுகள். இவையெல்லாம் வரவேற்க வேண்டிய மாற்றங்கள். ஆனால் அன்று முதல் பேச்சு முழுதும் கன்றைச் சுற்றியே நடக்கிறது: எந்த ரகம், திசு வளர்ப்பா, எத்தனை நட்டார்கள், எத்தனை பிழைத்தன. கன்று இறங்கும் குழிக்குள் மண் எப்படி இருக்கிறது, அதில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்ற கேள்வி எழுவதே இல்லை. மூங்கில் விஷயத்தில் அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டியது.

மூங்கிலின் வேர் ஆழம் தேடிப் போகும் வேர் அல்ல. அதன் மெல்லிய வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணின் முதல் ஒரு முழத்துக்குள்ளேயே பின்னிக் கிடக்கிறது. வேர்க்கிழங்கும் அந்த ஆழத்திலேயே நகர்கிறது. மண் பொலபொலவென்று இருந்தால் கிழங்கு வெளிநோக்கி நகர்ந்து இடம்விட்டுக் குருத்து விடும். டிராக்டரும் மாடும் மிதித்து இறுகிய மண்ணில் அது நகர வழியில்லாமல் மேலே ஏறும்; கழிகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக் குத்து இறுகிப்போகும். முள் மூங்கில் குத்து அப்படி இறுகிவிட்டால் உள்ளே இருக்கும் முற்றிய கழியை யாராலும் வெட்டி எடுக்க முடியாது. நீர் தேங்கினால் வேர் மூச்சடைத்து அழுகும். உவர் நிலம் பெரும்பாலான மூங்கில்களுக்கு ஆகாது. கல் மூங்கில் வறண்ட மலைச்சரிவிலும் தாக்குப்பிடிக்கும். முள் மூங்கிலுக்கு ஆற்றோர ஈரமும் வண்டலும் வேண்டும். கொள்ளிடக் கரைப் படுகைகளில் அது செழித்ததற்கு ஆற்று வண்டலே காரணம். மூங்கில் எங்கும் வளரும் என்று விளம்பரங்களில் சொல்லப்படுவதை நம்பிக் களர் நிலத்தில் காசைப் போட்டவர்களுக்கு இந்த வேறுபாடு மிகத் தாமதமாகவே தெரியவருகிறது.

மண்ணைப் பொலபொலவென்று வைத்திருப்பது யார்? உழவு அல்ல. நட்ட மூங்கில் தோப்பில் வேரை அறுக்காமல் உழ முடியாது. அந்த வேலையை 30, 40 ஆண்டுகளுக்குச் செய்யப்போவது மண்ணுக்குள் இருக்கும் உயிர்கள்தான்.

முதலில் மண்புழு. சார்லஸ் டார்வின் தன் கடைசி நூலை 1881-இல் மண்புழுவுக்காகவே எழுதினார். இங்கிலாந்தின் பல இடங்களில் ஒரு ஏக்கரில் ஆண்டுக்கு 10 டன்னுக்கும் மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியாகப் போய் வருகிறது என்பது அவருடைய மதிப்பீடு. புழு விட்டுச்செல்லும் வளைகள் காற்றுக்கும் மழைநீருக்கும் வழியாகின்றன. மூங்கிலைப் போல மேல்மண்ணில் வேர் பரப்பும் செடிக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

உலகெங்கும் நடந்த பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்து 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று, மண்புழு இருக்கும் மண்ணில் பயிர் விளைச்சல் சராசரியாக 25 விழுக்காடு கூடுகிறது என்று கண்டது. அந்த ஆய்வின் அடுத்த பகுதியை நம் விவசாயிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தழையும் சருகும் நிலத்துக்கே திரும்பும்போது அந்தப் பலன் இன்னும் கூடுகிறது; தழைச்சத்து ஏற்கெனவே மிகுந்திருக்கும் மண்ணில் அது இல்லாமலே போகிறது. புழு செய்யும் முதன்மையான உதவி, மட்கிலும் சருகிலும் அடைபட்டுக் கிடக்கும் தழைச்சத்தை அவிழ்த்துவிடுவது என்பதே இதன் பொருள். யூரியாவை அள்ளிக் கொட்டும் தோப்பில் புழு இருந்தும் பயன் குறைவு. சருகைக் கொளுத்தும் தோப்பில் புழுவுக்குத் தீனியே இல்லை. நம் மூங்கில் தோப்புகளில் பல, இந்த இரண்டையும் ஒருங்கே செய்கின்றன.

புழு என்றதும் மண்புழு உரத் தொட்டியே பலருக்கு நினைவுக்கு வருகிறது. தொட்டியில் வளர்க்கும் வெளிநாட்டுப் புழுக்கள் சாணக் குவியலில் வாழப் பழகியவை. அவற்றைக் கொண்டுபோய்க் காய்ந்த செம்மண்ணில் விட்டால் நிலைக்காது. சென்னை நியூ கல்லூரியில் பணியாற்றிய மண் உயிரியல் ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில், லாம்பிட்டோ மாரிட்டி, பெரியானிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் போன்ற நம் ஊர்ப் புழுக்களின் அருமையைப் பல்லாண்டுகளாக எடுத்துச் சொல்லிவருகிறார். இவற்றை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஈரமும் நிழலும் சருகும் இருந்தால் வரப்போரத்திலிருந்து அவையே வந்துசேரும்.

சருகில் தழைச்சத்துக்கு அப்பால் இன்னொரு செல்வமும் இருக்கிறது: சிலிக்கா. மூங்கில் மண்ணிலிருந்து சிலிக்காவை ஏராளமாக உறிஞ்சுகிறது. இலையின் சொரசொரப்புக்கும் கழியின் புறத்தோல் கடினத்துக்கும் அதில் பங்குண்டு. கணுவிடைக்குள் வெள்ளைக் கட்டியாக உறைந்து கிடக்கும் மூங்கிலுப்பும் பெரும்பாலும் அதுவே. சித்த மருந்துக் கடைகளில் இன்றும் விற்கும் அந்தப் பொருளைப் பற்றி, விசாகப்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக இருந்த பேட்ரிக் ரஸ்ஸல் 1790-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். மறு ஆண்டு அதை வேதிமுறையில் சோதித்து, சிலிக்காவின் தன்மையுடையது என்று நிறுவியவர் ஜேம்ஸ் ஸ்மித்சன். பின்னாளில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் எழுந்தது அவருடைய செல்வத்தில்தான். கழிக்குள் கட்டியாகும் அளவுக்குச் சிலிக்காவை எடுத்துக்கொள்ளும் செடி, உதிர்க்கும் இலை வழியாக அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. அதே சிலிக்காவால்தான் மூங்கில் சருகு மெதுவாக மட்குகிறது. அதை நொறுக்கித் துண்டாக்க மரவட்டை வேண்டும், கறையான் வேண்டும், மண்துகளோடு துகளாகத் தெரியும் உண்ணிகளும் வாலை மடக்கித் துள்ளும் நுண்பூச்சிகளும் வேண்டும். அவை மென்று கழித்ததன் மேல்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் வேலையைத் தொடங்குகின்றன. மண்புழுவின் குடல் வழியாகப் போய்வந்த மண்ணில், வேர் உறிஞ்சக்கூடிய சிலிக்கான் கூடுவதாகவும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கறையான் வேண்டும் என்று எழுதினால் மூங்கில் வைத்திருப்பவர்கள் கோபப்படுவார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. புதிதாக ஊன்றிய மூங்கில் கரணையையும் நீரில்லாமல் வாடும் இளங்கன்றையும் கறையான் அரித்துவிடும். வெட்டி அடுக்கிய கழியையும் விட்டுவைக்காது. ஆனால் உலகில் அறியப்பட்ட ஏறத்தாழ 3,000 கறையான் இனங்களில் மனிதருக்குப் பெருந்தொல்லை தருபவை ஒரு சிறு பங்குதான். மற்றவை காய்ந்த இலையையும் குச்சியையும் சாணத்தையும் மண்ணுக்குள் இழுத்துச் செல்கின்றன. ஆழத்துக் களிமண்ணை மேலே கொண்டுவருகின்றன. கோடையில் மண்புழு ஆழத்துக்கு இறங்கி உறங்கிக் கிடக்கும் மாதங்களில் வறண்ட மண்ணில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருப்பவை எறும்பும் கறையானும்தான்.

ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை நிலத்தில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2011-இல் வெளியானது. எறும்பையும் கறையானையும் பூச்சிக்கொல்லியால் அகற்றிய பாத்திகளைவிட, அவற்றை அப்படியே விட்ட பாத்திகளில் கோதுமை விளைச்சல் 36 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அவற்றின் வளைகள் வழியே மழைநீர் கூடுதலாக உள்ளே இறங்கியதும், மண்ணில் தழைச்சத்து கூடியதும் காரணங்கள். கோதுமையும் புல் குடும்பம்தான். மானாவாரியாகச் செம்மண்ணில் மூங்கில் நடும் தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிக்கு இங்கிலாந்துப் புழுக் கணக்கைவிட இந்த ஆஸ்திரேலியக் கணக்கு நெருக்கமானது.

ஆகவே குழிதோறும் குருணை மருந்தைத் தூவிவிட்டு நடுவது பெரும் நஷ்டம். கார்போபியூரான் போன்ற மருந்துகள் மண்புழுவுக்குக் கொடிய நஞ்சு. நம் வயல்களில் நெடுங்காலம் தாராளமாகப் புழங்கிய போரேட் குருணைக்கு 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு நாட்டில் அனுமதி இல்லை. ஒரு பருவத்துக் கறையானுக்குப் பயந்து, 40 ஆண்டு வேலையாட்களை முதல் நாளே கொன்றுவிட்டு மூங்கில் வளர்ப்பைத் தொடங்குவது எந்தக் கணக்கிலும் பொருந்தாது. கன்று வேர்பிடிக்கும் முதல் ஆண்டில் தண்ணீர் தவறாமல் கொடுப்பதும், குழியில் வேப்பம் புண்ணாக்கு இடுவதும், குத்தைச் சுற்றி வேறு காய்ந்த தீனி கிடக்க விடுவதும் பெரும்பாலான தோப்புகளுக்குப் போதும். அப்படியும் தாக்கினால் தாக்கிய இடத்தில் மட்டும் மருந்து வைக்கலாம்.

மண்ணில் உண்மையான எதிரிகளும் உண்டு. வெள்ளை வேர்ப்புழு இளவேரைத் தின்னும். சில நூற்புழுக்கள் வேரைத் துளைத்துச் சாறு குடிக்கும். குருத்து தேடியும் புழு தேடியும் காட்டுப்பன்றி தோப்பையே கிளறிப்போடும். சீனத்து மூங்கில் காடுகளில் சிள்வண்டின் இளம்பருவம் ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் இருந்து மூங்கில் வேரை உறிஞ்சுகிறது. அதே மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை அந்தச் சிள்வண்டைத் தாக்கிக் கொன்று அதன் தலையில் பூப்போல முளைக்கிறது. சீனர்கள் அதை மருந்துக்காகத் தோண்டியெடுத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். நம் ஊரில் வேர்ப்புழுவுக்கும் காண்டாமிருக வண்டுக்கும் விவசாயிகள் இடும் மெட்டாரைசியமும் இத்தகைய பூஞ்சைதான். எதிரியும் எதிரிக்கு எதிரியும் ஒரே மண்ணில் இருக்கும்வரை கணக்கு ஓரளவு தானே சரியாகிறது. எல்லாவற்றையும் கொல்லும் மருந்து விழுந்த நிலத்தில் முதலில் திரும்பி வருவது பெரும்பாலும் எதிரிதான்.

மேற்கு ஜாவாவின் உழவர்கள் இதையெல்லாம் ஆய்வகம் இல்லாமலே அறிந்திருந்தார்கள். அங்கே ‘தாலுன் கெபுன்’ என்றொரு சுழற்சி முறை உண்டு. மூங்கில் தோப்பை வெட்டிவிட்டு முதல் ஆண்டு வெள்ளரி, அவரை போன்ற காய்கறிகளைக் கலந்து பயிரிடுவார்கள். இரண்டாம் ஆண்டு மரவள்ளி. பிறகு நான்கு ஆண்டுகள் நிலத்தை மூங்கிலிடமே விட்டுவிடுவார்கள். தூர்கள் மீண்டும் தழைத்துத் தோப்பாகும். மூங்கில் போனால் நிலமும் போய்விடும் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. கிறிஸ்டான்டி, மெய்லி, கிம்மின்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்த நிலங்களை அளந்து பார்த்து 1996-இல் முடிவுகளை வெளியிட்டபோது, நம்பிக்கைக்குப் பின்னால் இரண்டு காரணங்கள் தெளிவாயின. மூங்கிலின் மெல்லிய வேர்த்தொகை மிக மிக அதிகம். காய்கறிக் காலத்தில் மழை அடித்துக் கீழே இறக்கிய சத்தை அது மீட்டுப் பிடித்துக்கொள்கிறது. சிலிக்கா மிகுந்த சருகு மெதுவாக மட்குவதால் நிலம் மூடாக்கோடு நெடுநாள் காக்கப்படுகிறது. சருகு மெதுவாக மட்குகிறதே என்று நாம் தீ வைக்கிறோம். அங்கே அந்த மெதுவே நிலத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

எதிர்த்திசையில் போன கதையும் இருக்கிறது. சீனத்தின் ஜெஜியாங் மாநிலத்தில், ஹாங்சோ நகரை அடுத்த லின்ஆன் பகுதி, லெய் மூங்கில் குருத்துக்குப் பேர்போனது. வழக்கமாக வசந்தத்தில் வரும் குருத்து, சீனப் புத்தாண்டுக்கு முன்பே வந்துவிட்டால் விலை பல மடங்கு. அதற்காகக் குளிர்காலத்தில் வைக்கோலும் உமியும் தடிமனாகப் பரப்பி, மண்ணைச் சூடாக்கி, உரத்தையும் மிகுதியாக இட்டார்கள். சில ஆண்டுகள் பணம் கொட்டியது. பிறகு மண் கடும் அமிலமானது. மணிச்சத்து தேவைக்கு மேல் தேங்கியது. வேர்க்கிழங்குகள் ஆழத்தை விட்டு மேல்மட்டத்துக்கு ஏறின. தோப்புகள் நலிந்து விளைச்சல் சரிந்தது. மூடாக்கு நல்லது என்று மட்டும் படித்துவிட்டு லின்ஆனைப் பார்த்தால் குழப்பமாக இருக்கும். அங்கே இட்டது, வெளியிலிருந்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்து, மண்ணின் உயிர்கள் செரிக்கும் வேகத்தைப் பொருட்படுத்தாமல், ஆண்டுதோறும் கொட்டியது. தோப்பின் சருகைத் தோப்பிலேயே விடுவது முற்றிலும் வேறு காரியம்.

தமிழ்நாட்டில் மூங்கிலை அடர்நடவாக, சொட்டுநீரில் கரைத்த உரத்தோடு, எரிபொருளுக்கும் காகித ஆலைக்கும் வளர்க்கும் ஆர்வம் பெருகிவருகிறது. அடிக்கடி வெட்டி, கழியோடு இலையையும் நிலத்திலிருந்து அகற்றும் முறை அது. லின்ஆன் தந்த பாடம் முதலில் போய்ச்சேர வேண்டியது அப்படி வளர்ப்பவர்களிடம்.

விவசாயிகள் எழுப்பும் மறுப்புகளைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சருகு கிடந்தால் பாம்பு வரும் என்பார்கள். கூலியாட்கள் உள்ளே இறங்கத் தயங்குவார்கள். பங்குனி, சித்திரையில் ஒரு பீடி நெருப்புப் போதும், தோப்பு முழுதும் போய்விடும். இரண்டும் மெய்யான அச்சங்கள். வெட்டும் வழிகளை மட்டும் பெருக்கிச் சுத்தமாக வைத்து, கூட்டிய சருகைக் குத்தின் அடியில் சேர்த்து, அதன்மேல் நான்கைந்து கூடை மண்ணைப் போட்டு அணைத்துவிட்டால் இரண்டுக்கும் பெருமளவு தீர்வு கிடைக்கும். நெருப்பு பிடிக்கக் காய்ந்த இலை வெளியே இராது. மேலேறிய வேர்க்கிழங்கின் மொட்டுகளும் மண்ணுக்குள் மூடப்பட்டு நல்ல குருத்து விடும். குத்துக்கு மண் அணைப்பது பழைய வழக்கம்தான். கூலி உயர்ந்ததால் கைவிடப்பட்டது. மானியம் எங்கே போய்ச்சேர வேண்டும் என்று கேட்டால் முதல் விடை இந்தக் கூலிதான்.

கெட்டுப்போன நிலத்தை மூங்கிலைக் கொண்டு மீட்பது பற்றியும் இப்போது நிறையப் பேசப்படுகிறது. உத்தரப் பிரதேசத்தில் அலகாபாத் அருகே கோட்வா பகுதியில், செங்கல் சூளைகள் மேல்மண்ணைச் சுரண்டிச் சென்ற நிலத்தில், சர்வதேச மூங்கில் பிரம்பு அமைப்பும் ‘உத்தான்’ என்ற உள்ளூர்த் தொண்டு நிறுவனமும் 1996-இல் 106 ஹெக்டேரில் வேலையைத் தொடங்கின. மூங்கிலோடு மற்றப் பயிர்களும் சேர்ந்து அந்த நிலம் மறுபடி உழவுக்கு வந்தது. கோவை தடாகம் பள்ளத்தாக்கிலும் செம்மண் அப்படித்தான் போனது. வழக்குகளுக்குப் பிறகு 2021-இல் அங்கே சூளைகள் மூடப்பட்டன. பள்ளங்கள் அப்படியே கிடக்கின்றன. அவற்றில் மூங்கில் நடலாம் என்ற யோசனை நல்லதுதான். ஆனால் மேல்மண் போன இடத்தில் அதிலிருந்த உயிர்களும் போய்விட்டன. அங்கே குழி தோண்டிக் கன்றை மட்டும் இறக்கினால் போதாது. பக்கத்துத் தோட்டத்து மேல்மண்ணில் சில கூடையும் தொழுவுரமும் தழையும் முதலில் போக வேண்டும்; ஒரு மழைக்காலம் சணப்பும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகே மூங்கில். தடாகம் யானைகள் நடமாடும் இடம், மூங்கில் யானைக்குப் பிடித்த தீனி. எந்தப் பள்ளத்தில் நடுவது என்பதை ஊர் மக்களும் வனத்துறையும் கூடிப் பேசி முடிவுசெய்வதும் அவசியம்.

அரசு செய்யக்கூடியது எளியது. மண் பரிசோதனை அட்டையில் கார அமிலநிலை, தழை, மணி, சாம்பல் சத்துகள் எல்லாம் இருக்கின்றன. மண்ணுயிர்களுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. வெப்பமண்டல நாடுகளில் மண் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் முறை ஒன்றுண்டு: 25 செ.மீ. சதுரத்தில் 30 செ.மீ. ஆழத்துக்கு மண்ணைக் கட்டியாக வெட்டியெடுத்து, ஒரு சாக்கின் மேல் கையால் உதிர்த்து, கண்ணில் படும் புழு, மரவட்டை, கறையான், வண்டுப்புழு அனைத்தையும் வகைபிரித்து எண்ணுவது. மண்வெட்டியும் சாக்கும் போதும். மழைக்காலத்தில், மண் ஈரமாக இருக்கும்போது செய்ய வேண்டும். மூங்கில் நடுவதற்கு முன் ஒருமுறை, இரண்டாம் ஆண்டு மானியத் தவணைக்கு முன் ஒருமுறை, மூன்றாம் ஆண்டில் ஒருமுறை என்று, கன்று எண்ண வரும் அலுவலரே நிலத்துக்காரரை வைத்துக்கொண்டு தோப்பில் மூன்று இடங்களில் இதைச் செய்துவிடலாம். எண்ணிக்கை கூடியிருக்கும் நிலத்துக்குச் சருகு காத்ததற்கும் மண் அணைத்ததற்கும் தனியாக ஒரு தொகை கொடுக்கலாம். குறைந்திருந்தால், அடுத்த தவணை உரத்துக்குப் போகும் முன், அந்தத் தோப்பில் யார் என்ன மருந்து போட்டார்கள், எப்போது தீ வைத்தார்கள் என்று அங்கேயே உட்கார்ந்து பேசிவிடலாம்.